ஹிபினோ வீட்டில் வளைவு பொருந்தவில்லை

பாய்க்கடை ஹிபினோவின் மனைவி சாயோகோ புருஷனை விட்டுப் போகப்போகிறார் என்ற செய்தி, செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை காலை கானி அழகு நிலையத்திலிருந்து புறப்பட்டது. தபாலாபீஸ், மீன்கடை, பல் டாக்டர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தபோது, அதில் ஒரு கள்ளக்காதலனும் உட்கார்ந்திருந்தான்.

இந்த ஊர் வாரப்பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான். வதந்தியை விசாரிக்காமல் அச்சில் ஏற்றுவது தப்பு. விசாரித்த பிறகு ஏற்றாமல் இருப்பது அதைவிடப் பெரிய தப்பு. எனவே முடி வெட்டிக்கொள்ளப் போனேன். என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது கானி அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் துண்டைப் போர்த்தி உட்காரவைத்தார். அவருக்கும் பேச ஆள் வேண்டுமல்லவா?

"எனக்கென்னங்க வந்தது? நான் பாட்டுக்குச் சாயம் போட்டுட்டிருந்தேன். அவங்களாத்தான் ஆரம்பிச்சாங்க. 'வளைவு பொருந்தல மிட்சுயே'ன்னு என்னைப் பேர் சொல்லிச் சொன்னாங்க. எனக்குக் கையில இருந்த பிரஷ் விழுந்துடுச்சு."

எங்கள் பக்கத்தில் 'வளைவு பொருந்தவில்லை' என்றால் யாரும் வாளை நினைப்பதில்லை. வாளின் வளைவு உறையின் வளைவோடு ஒத்துப்போகவில்லை என்பது அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது அது மாமியார் மருமகள், முதலாளி மானேஜர், புருஷன் பெண்டாட்டி விவகாரம். பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டால் 'பழைய உறைக்கே திரும்பிட்டாங்க' என்போம். பக்கத்துச் செகி நகரத்தில் தெருவுக்குத் தெரு கத்தி செய்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான்.

"வேற என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சொன்னாங்க. 'பழசுன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். பேரு புகழ் ஒண்ணும் கிடையாது. முதுகுல ரெண்டு வடு. இருந்தாலும் நேரா இருந்துச்சு. இப்போ வளைஞ்சுபோச்சு'ன்னாங்க. நீங்களே சொல்லுங்க, கோசாகு அண்ணன் லாரியில இருந்து விழுந்து முதுகுல ரெண்டு வடு இருக்கா இல்லையா?"

இருக்கிறது. பொதுக் குளியலறையில் ஊரே பார்த்திருக்கிறது.

"அப்புறம் கேளுங்க. 'ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல வெச்சு நிமிர்த்திடலாம்னு ஒருத்தர் சொல்றார். இல்லேன்னா புது உறை பார்த்துக்கோங்கன்னும் சொல்றார்'னாங்க. யாருங்க அந்த ஒருத்தர்? செகியில இருக்காராம். வாரம் ஒரு தடவை போறாங்களாம்!"

எங்கள் பேச்சில் எழுவாய் இருப்பது அபூர்வம். சொல்கிறவர் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். கேட்கிறவர் கைவசம் இருக்கும் ஒன்றைப் போட்டு வாக்கியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். கானி அம்மா புருஷனைப் போட்டு முடித்துக்கொண்டார். இலக்கணப்படி அதில் குற்றமில்லை.

அடுத்து பாய்க்கடைக்குப் போனேன். வதந்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. தரையில் பதிக்கும் தாதாமிப் பாய்க்குக் கரை தைத்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதர், இடுப்பில் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சோற்றுக்கிண்ணம் தேய்த்துக்கொண்டிருந்தார். கோசாகுவை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். ஈரக்கிண்ணத்தோடு அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மேஜைமேல் நாடா கட்டிய ஒரு முலாம்பழம் இருந்தது. எங்கள் ஊரில் முலாம்பழம் ஆஸ்பத்திரிக்குப் போகும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்கப் போகும். சும்மா ஒரு வீட்டு மேஜையில் உட்காராது.

"யாருக்குப்பா பழம்?"

"அவளுக்கு." கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் முதுகைக் காட்டினார். "நல்லாப் பார்த்துச் சொல்லு. நான் வளைஞ்சா இருக்கேன்?"

"பாய்க்காரன் முதுகு கொஞ்சம் வளைஞ்சுதானே இருக்கும்?"

"நாளைக்கு எலும்பு வைத்தியர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ரெண்டு கட்டைக்கு நடுவுல வெச்சு அழுத்துவாராம்." குரல் இறங்கியது. "புது உறைங்கிறாளாமே! செகியில அப்படி என்ன பெரிய உறை?"

 வதந்தியில் சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவது இந்தத் தொழிலில் கடைசி வழி. ஆனால் சாயோகோவைத் தனியாகப் பிடிப்பது எளிது. ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினால் போதும். கார் ஓட்டும் பள்ளியில் அவர் ஆசிரியை. ஊரில் உரிமம் வைத்திருக்கும் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். போலீஸ்காரர், பூசாரி, பல் டாக்டர், நான் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. உரிமம் இருந்தும் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கான வகுப்பு ஒன்று உண்டு. அதில் சேர்ந்தேன். பயம் உண்மையானது, நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"கண்ணாடி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டீச்சர்."

"உங்க மூஞ்சியைப் பார்த்தீங்க. பின்னாடி பாருங்க. ம், போங்க."

பள்ளி மைதானத்தில் இரண்டு சுற்று போனோம். மூன்றாவது வளைவில் தைரியம் வந்தது.

"டீச்சர், ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது..."

கார் குதித்து நின்றது. ஆசிரியர் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு ப்ரேக் இருக்கும். அவர் வலதுகால் அதை மிதித்திருந்தது. முன்னால் ஒரு பூனைகூட இல்லை.

"எதுக்கு டீச்சர் நிறுத்தினீங்க?"

"நீங்க கேட்க வந்ததைத்தான் நிறுத்தினேன். சரி, கேளுங்க. என்ன பேச்சு?"

முழுதும் சொன்னேன். வளைவு, வடு, மரக்கட்டை, செகி ஆசாமி. சாயோகோ முதலில் என்னையே பார்த்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பாதுகாப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கார் குலுங்கியது. பின்னால் வந்து நின்ற மாணவன் ஒருவன் ஹாரனும் அடிக்கத் துணியாமல் மரியாதையாகக் காத்திருந்தான்.

"புருஷனா! ஐயோ, அந்த மனுஷனா! வாளுங்க! நான் வாளைப் பத்திப் பேசினேன். வாங்கினேன், வெட்டினேன், வளைஞ்சுபோச்சு, உறைக்குள்ள போக மாட்டேங்குது. இதை வேற எப்படித்தான் சொல்றது?"

ஆக, ஊரில் ஒருவர் அந்த வார்த்தையை அதன் சொந்த அர்த்தத்தில் சொன்னார். அதற்குத்தான் இத்தனை தண்டனை.

சாயோகோ பஸ் கண்டக்டரின் மகள். கார் பள்ளியில் ரசீது எழுதும் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் ஆசிரியர் ஒருவர் காய்ச்சலில் படுத்தார். அவருக்குப் பதிலாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் பிறகு இறங்கவே இல்லை. அவர் தொழில் என்ன என்று கேட்டால் கற்றுக்கொடுப்பது என்று சொல்ல மாட்டார்.

"நிறுத்துறது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவன் கிளப்புறதை நான் நிறுத்தறேன். பெரிய அழிவெல்லாம் நடக்கலை, அது நல்லதுதான். ஆனா ஒண்ணே ஒண்ணு, கிளம்பினது கிளம்பினபடியே போய் முடியறதை இந்தக் கால் பார்த்ததே இல்லீங்க."

போன வருஷ இலையுதிர் காலத் திருவிழாவில், கோயில் முற்றத்தில் வாள் பயிற்சிக் கூடத்தார் பாய் வெட்டிக் காட்டினார்கள். பழைய பாயின் கோரை மேலுறையைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, ஒரு குச்சியில் செருகி நிறுத்துவார்கள். வாள் ஒரு தோளிலிருந்து சாய்வாக இறங்கும். சரியாக இறங்கினால் சத்தமே இருக்காது. மேல்பாதி ஒரு கணம் என்ன நடந்தது என்று புரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பிறகு வழுக்கி விழும். எல்லோரும் கைதட்டினார்கள். சாயோகோ கைதட்டவில்லை. கையிலிருந்த, குச்சியில் செருகிச் சுட்ட உப்புமீனை அப்படியே நிவாவிடம் கொடுத்துவிட்டு, "எங்கே சேரணும்?" என்றார்.

நிவா கூடத்தின் தலைவர். ஊரில் அவரை 'மாஸ்டர்' என்போம். வயதில் சாயோகோவின் தம்பியைவிடச் சின்னவர். ஓட்டுநர் தேர்வில் அவர் மூன்று முறை தோற்றது சாயோகோவின் பக்கத்தில் உட்கார்ந்துதான். "வாங்க டீச்சர்" என்று சொல்லும்போதே அவருக்கு வியர்த்திருந்தது.

இதில் கோசாகுவுக்குத் தெரியாமல் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் இதே நிவா பாய்க்கடைக்குப் போய், கிழித்துப்போடுகிற பழைய மேலுறைகளைக் கூடத்துக்குத் தர முடியுமா என்று கேட்டார். கோசாகு கையில் ஊசியோடு எழுந்து நின்று சொன்ன பதிலை மீன்கடை வரை கேட்டார்கள். "பாய் உட்காரறதுக்கு! படுக்கறதுக்கு! உங்க வெறியைத் தீர்த்துக்கறதுக்கு இல்ல! இந்த வீட்டு ஆள் எவனாவது பாய்மேல கத்தி வெச்சான்னா அன்னைக்கே கடையை இழுத்து மூடறேன்!" அதிலிருந்து கூடத்துக்குப் பாய் பக்கத்து ஊரிலிருந்துதான் வருகிறது.

'இந்த வீட்டு ஆள்' என்று அவர் சொன்னபோது மனதில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது ஆள் இருந்தார்.

சாயோகோ கூடத்தின் பொது வாளில் சில மாதம் காற்றை வெட்டிப் பழகினார். முதல் படித் தேர்வு இந்த வருஷத் திருவிழாவில். அதில் சொந்த வாளால் வெட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த இலையுதிர் காலம்வரை காத்திருக்க வேண்டும். சாயோகோ செகியில் இருக்கும் உசாமியின் கடைக்குப் போனார். அந்தக் 'கள்ளக்காதலன்' இவர்தான். எழுபதைத் தாண்டியவர். வாளைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காதவர்.

"என்ன விலையில பார்க்கறீங்கம்மா?"

"ஒரு பழைய குட்டிக்கார் விலையில."

"ஓடுற காரா, ஓடாத காரா?"

"ஓடணும். பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்ல. விபத்துல அடிபட்டதா இருக்கக் கூடாது."

"முந்நூறு வருஷம் ஆன சாமான்மா. அடிபடாம ஊர்வலமா போயிட்டிருந்தது?"

முதலில் எடுத்துக் காட்டியதில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. சாயோகோ வீசிப் பார்த்தார். 'ஃபீய்' என்று சீட்டியடித்தது. மறுபடி வீசினார். மறுபடி 'ஃபீய்'. முகம் பள்ளிக்கூடப் பிள்ளை முகமாகிவிட்டது. "இதுவே போதும். கட்டுங்க."

உசாமி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தர மாட்டேன். சீட்டி அந்தப் பள்ளத்தால வருது. காத்துல வீசறவனுக்கு அது சொகம், வெட்டு சரியா போகுதுன்னு காது சொல்லிடும். ஈரப்பாயில ஏடாகூடமா பட்டா இதுதான் முதல்ல வளையும். நீங்க ஆரம்பக்காரங்க. ஏடாகூடமாத்தான் படும்."

அடுத்தது கைப்பிடிக்குள் பெயர் பொறித்தது. இரும்பில் மேகம் மேகமாக என்னவோ ஓடியது. "இது பார்க்கறதுக்கு மட்டும். இதால பாயை வெட்டினா நான் அழுவேன். விலையைச் சொன்னா நீங்க அழுவீங்க."

மூன்றாவதை ஒரு மூலையிலிருந்து இழுத்து எடுத்தார். பெயர் இல்லை. இரும்பின் தோலில் ஓரிடம் கொப்பளம் போல் உரிந்திருந்தது. முதுகில் இரண்டு வடு. பள்ளம் கிடையாது. உறை அழுகல் பச்சை. "சேகரிக்கறவன் இதைத் தொட மாட்டான். அதான் விலை குறைச்சல். ஆனா பழுதெல்லாம் பார்க்கற இடத்துலதான், வெட்டற இடத்துல ஒண்ணும் இல்ல."

சாயோகோ கார் வாங்குகிறவர் டயரை உதைப்பது போல் வேலையை ஆரம்பித்தார். வாளை நீட்டி, ஒரு கண்ணை மூடி, முதுகோடு பார்வையை ஓட்டினார். நேராக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கினார். ஆடவில்லை. கைப்பிடியில் செருகியிருந்த மூங்கில் ஆணியை உசாமி தட்டிக் காட்டினார். "எடுக்கற ஒவ்வொரு தடவையும் இதைப் பாருங்க. இது தளர்ந்தா கைப்பிடி உங்க கையில இருக்கும், வாள் எதிர்ல நிக்கறவர் மடியில இருக்கும்."

"சீட் பெல்ட்" என்றார் சாயோகோ. "புரிஞ்சுது."

"இன்னும் நாலு இருக்கு, பார்க்கறீங்களா?"

"வேண்டாம். இதைப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வருது."

இதைத்தான் அவர் அழகு நிலையத்திலும் சொல்லியிருந்தார். கானி அம்மா அதை மட்டும் எப்படியோ மறந்துவிட்டார்.

வாள் வீட்டுக்கு வந்தது, அதோடு அதற்கு உரிய பதிவுச்சீட்டும். அதைத் துடைத்து எண்ணெய் போடக் கற்றுக்கொள்ள வாரம் ஒரு தடவை உசாமியிடம் போய்வந்தார். எங்கே ஒளிப்பது? கோசாகுவின் கை வாழ்நாளில் படாத ஒரே இடம் வாக்குவம் க்ளீனர் பெட்டி. அதற்குள் வைத்தார்.

முதல் வெட்டு அன்று கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாயோகோ வாளைத் தூக்கினார். இறக்கினார். கண்ணுக்கு முன்னால் ஆபத்தான ஒன்று வேகமாகப் போகிறது என்று வலதுகாலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குத் தெரிந்த வேலையை அது செய்தது. தரையை ஓங்கி மிதித்தது. உடம்பு நின்றது, வாளும் நின்றது, பாயின் நடுவில். உருவி எடுத்தபோது நுனி இடது பக்கம் திரும்பி ஜன்னலை வேடிக்கை பார்த்தது.

"டீச்சர்... இப்போ நீங்க... ப்ரேக்..." என்று நிவா இழுத்தார்.

"தெரியும் மாஸ்டர்!" என்று ஒரு அதட்டல் வந்தது. மாஸ்டர் பழக்கதோஷத்தில் கண்ணாடி பார்க்கத் திரும்பினாராம்.

வளைந்த வாள் உறைக்குள் போகவில்லை. பழைய யுகாதா அங்கி ஒன்றில் சுற்றி, உறையைப் பக்கத்தில் வைத்து, பெட்டியில் போட்டு மூடினார். உசாமியிடம் போனில் கேட்டபோது, பள்ளம் வெட்டிய இரண்டு மரக்கட்டை இருக்கிறது, நிமிர்த்திவிடலாம் என்றார். இல்லையென்றால் கொஞ்சம் தொளதொளவென்று புது உறை பார்த்துக்கொள்ளலாம். "ஆனா ஒரு தடவைதாம்மா. இன்னொரு தடவை அதே இடத்துல வளைஞ்சா அப்புறம் அது வாள் இல்ல, அரிவாள்." மறுநாள் சாயோகோ தலைக்குச் சாயம் போடப் போனார்.

"இப்போ புரியுதா?" என்றார் காருக்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திருவிழாவுல ஒரே ஒரு வெட்டு. நிக்காம போய் முடியணும். அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது. வாயைத் திறந்தீங்கன்னா உங்க உரிமத்தைப் புதுப்பிக்கற அன்னைக்கு நான்தான் பக்கத்துல உட்காருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பலனை ஹிபினோ வீடு அனுபவித்தது. அந்த வீட்டில் பாத்திரங்கள் பளபளத்தன. இரண்டாவது முலாம்பழம் வந்தது. கோசாகு எலும்பு வைத்தியரிடமிருந்து அளவுகோலை விழுங்கியவர் போல் நடந்து வந்தார். மனைவி 'என்னங்க?' என்றால் 'ஒண்ணும் இல்லையே, நேராத்தான் இருக்கேன்' என்றார். சாயோகோவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு மனசு. இப்போது சொன்னால் வாள் வெளியே வரும், கடை மூடும். இரண்டு வாரம் போகட்டும் என்று இன்னொரு மனசு. தேய்த்த கிண்ணங்கள் இரண்டாவது மனசின் பக்கம் நின்றன.

அன்பு எல்லை மீறும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வகுப்புக்குப் போனதும் கோசாகு வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். வாக்குவம் க்ளீனர் பெட்டியைத் திறந்தார்.

பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், சத்தியம் வாங்கிக்கொண்டு. கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரே ஆளிடம் சத்தியம் வாங்கினால் அந்த ஆள் உப்பிப்போவான் என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

"குழாயை எடுத்தேனா, கீழ ஒரு துணி மூட்டை. பிரிச்சா வாள்! விட்டுப் போறதுகூட இல்லடா, தீர்த்துட்டுப் போகப்போறாடான்னு நினைச்சேன். அங்கேயே உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, சரி, இப்படிக் கிடக்கக் கூடாது, உறையிலயாவது போட்டுவைப்போம்னு பார்த்தேன். போகல. திருப்பிப் போட்டேன், போகல. நீட்டி ஒரு கண்ணால பார்த்தேன், நாம பாய்க்கரை பார்க்கற மாதிரி. நுனி திரும்பியிருக்கு. வளைவு பொருந்தல." இங்கே நிறுத்தி என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். "டேய், வளைவு பொருந்தலடா! முதுகுல பார்த்தேன், ரெண்டு வடு! சிரிச்சேன் பாரு, அடுத்த வீட்டு நாய் வந்து எட்டிப் பார்த்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கோபம் வந்துச்சு. வாள் எதுக்கு? பாய் வெட்டறதுக்கு! என் வீட்டுல இருந்துக்கிட்டு! கடையை மூடிடறதுன்னு எழுந்துட்டேன்."

"மூடினியா?"

"ஞாயித்துக்கிழமைடா. ஏற்கனவே மூடித்தான் இருந்துச்சு." குரலைத் தணித்தார். "கையில வேற அது இருக்கு. வாகா இருந்துச்சு. சும்மா ஒரு வீசு வீசினேன்."

அந்தச் சும்மா வீசில் வாக்குவம் க்ளீனரின் குழாய் சாய்வாக இரண்டு துண்டானது. கூடமே சாயோகோவின் வெட்டுக்குக் காத்திருக்க, அந்த வாளின் முதல் சுத்தமான வெட்டை வெட்டியவர் பாயைத் தெய்வமாக நினைக்கும் கோசாகு. வாளைப் பழையபடி சுற்றி வைத்தார். குழாயைக் கடையில் கிடந்த பச்சைக் கரைத்துணியால் சுற்றித் தைத்தார். மனைவி கேட்டபோது எலி என்றார்.

"எலியா? இவ்வளவு சாய்வா, பிசிறில்லாம எந்த எலி கடிக்கும்?"

"பெரிய எலி."

சாயோகோ அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கவலை எல்லாம் வலதுகாலில் இருந்தது. வாள் உசாமியின் மரக்கட்டைகளுக்கு நடுவில் நிமிர்ந்து, பச்சை உறைக்குள் போய்வந்தது. கால்தான் நிமிரவில்லை. செருப்பில்லாமல் பார்த்தார், ஒற்றைக் காலில் பார்த்தார், காலுக்குக் கீழே வாழைப்பழத் தோல் வைத்துப் பார்க்கலாமா என்று நிவாவைக் கேட்டு அவரை அழவைத்தார். வாள் காற்றில் இறங்கும்போதெல்லாம் கால் மிதித்தது.

திருவிழா அன்று கோயில் முற்றத்தில் கயிறு கட்டி, உள்ளே குச்சிகளில் ஊறிய பாய்ச் சுருள்கள் நின்றன. வெளியே கூட்டம். பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை உடையில் சாயோகோ வந்து நின்றார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, "நகருங்க, நகருங்க, நனைஞ்சுடும்!" என்று ஒரு குரல். தோளில் ஒரு ஈரச்சுருள் சொட்டச் சொட்டக் கோசாகு வந்தார். நேராக நடந்து வந்தார், எலும்பு வைத்தியர் வாழ்க.

சாயோகோவின் முகம் வெளுத்தது. "ஏங்க..."

கோசாகு மனைவியைப் பார்க்கவில்லை. நின்ற சுருளைக் கிள்ளிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "நிவா! இது என்ன?"

"பா... பாய்ங்க அண்ணே."

"கோரையா இது? காகிதத்தை முறுக்கி நெய்து பாய்னு வித்திருக்கான், பக்கத்து ஊர்க்காரன். என் பொண்டாட்டி காகிதத்தையா வெட்டுவா? எடு அதை!" தன் சுருளைக் குச்சியில் செருகினார். "நேத்தே ஊறவெச்சது. நம்ம கடைப் பாய். வெட்டறதுன்னா இதை வெட்டு."

கூட்டம் கைதட்டியது. கானி அம்மா என் கையைக் கிள்ளி, "என்னங்க நடக்குது, சமாதானமா?" என்றார். இதற்குள் சாயோகோ வாளை உருவியிருந்தார். ஆனால் நிலைமை மோசமாகிவிட்டது. காகிதத்துக்கே ப்ரேக் போட்ட கால், புருஷன் கடைப் பாயை விட்டுவைக்குமா? வாள் மேலே போனபோது அந்த வலதுகால் தரையை உரசி எதையோ தேடியது. முற்றம் முழுக்க அவருடைய மாணவர்கள். எல்லோருக்கும் அந்தக் காலைத் தெரியும்.

"ப்ரேக் வேண்டாம் டீச்சர்!" என்றார் போலீஸ்காரர்.

"ஆக்சிலரேட்டர் டீச்சர்!" என்றார் பூசாரி, உள்ளேயிருந்து.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்றார் டீச்சர். கால் இன்னும் வேகமாக நடுங்கியது. அவர் வாளைக் கீழே இறக்கி மறுபடி தூக்கினார். ஒரு முறை வளைந்தது, இனிமேல் வளைந்தால் அரிவாள்.

கோசாகு அவரிடம் கார் கற்காதவர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து தன் லாரியில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறவர். அந்தப் பக்கத் தரை, இல்லாத ப்ரேக்கை மிதித்து மிதித்துத் தேய்ந்து கிடக்கிறது. எப்போது மிதிப்பார், எப்போது மிதிக்க மாட்டார் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். புருஷனைத் திட்டும்போது மட்டும் மிதிக்க மாட்டார். அப்போது சிவப்பு விளக்கையே தாண்டிப் போனாலும் கால் சும்மா இருக்கும்.

கயிற்றுக்கு வெளியே வந்து நின்று, வாள் உச்சியிலிருந்து கிளம்பிய அந்த நொடியில் அவர் சாதாரணக் குரலில் சொன்னார்:

"சாயோகோ, அந்தக் குழாயைக் கடிச்சது எலி இல்ல. நான்தான். உன் வாளால வெட்டிட்டேன்."

"என்னது?!"

அந்த 'என்னது' மலைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வாள் எப்போது இறங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. சாயோகோ புருஷனை முறைத்துக்கொண்டு நின்றார். வலதுகால் முன்னால், லேசாக, எதையும் மிதிக்காமல் நின்றது. பாயின் மேல்பாதி கொஞ்சம் யோசித்தது. பிறகு வழுக்கிப் புல்லில் விழுந்தது.

"புதுக் குழாய்க்கு என்ன விலை தெரியுமா உங்களுக்கு!" என்றவர், எல்லோரும் கத்துவதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாளைப் பிடித்தபடியே, சின்னப் பெண் மாதிரி இரண்டு குதி குதித்தார். "போயிடுச்சு! நிக்காம போயிடுச்சு!" பரீட்சையில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். நிவா அந்தப் பக்கம் திரும்பி வேண்டுமென்றே மூக்கைச் சிந்தினார்.

கோசாகு விழுந்த துண்டை எடுத்து, வெட்டு முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஒரு கோரைகூடக் கசங்கல" என்றார். பாயைச் சொன்னாரா, வெட்டைச் சொன்னாரா என்று இன்றும் சொல்ல மறுக்கிறார்.

தேர்வாளர்கள் கூடிப் பேசினார்கள். வெட்டும்போது வயிற்றிலிருந்து ஒரு குரல் எழ வேண்டும் என்பது விதி. அது என்ன வார்த்தையாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. "'என்னது'வும் குரல்தான்" என்று நிவா தீர்ப்புச் சொன்னார். முதல் படி தேறியது. சாயோகோ வாளைத் துடைத்து, மூங்கில் ஆணியை ஒருமுறை பார்த்துவிட்டு, உறையில் செருகினார். முட்டாமல், தடைபடாமல், 'டிக்'கென்று போய் உட்கார்ந்தது.

மறுநாள் கானி அழகு நிலையத்திலிருந்து புறப்பட்ட செய்தி: ஹிபினோ வீட்டில் பழைய உறைக்கே திரும்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் வைத்துப் படித்தாலும் சரியாக இருந்ததால் இதை நான் விசாரிக்கவில்லை. நிவாவின் கூடத்துக்குப் பாய் இப்போது கோசாகுவின் கடையிலிருந்துதான் போகிறது. காகிதம் கலந்ததைத் தனியாக எடுத்துவிட்டுக் கொடுக்கிறார். சாயோகோ இரண்டாவது வெட்டில் மறுபடி ப்ரேக் போட்டார் என்றும், அதனால் கோசாகு இனி ஒவ்வொரு பயிற்சிக்கும் புதிதாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும் கேள்வி. கைவசம் நிறைய இருக்கிறது என்கிறார்.

குழாய் மட்டும் இன்னும் வரவில்லை. திருவிழா அன்றே ஊர் முன்னால் கேட்ட கடன் அது. பச்சைக் கரைத்துணி சுற்றிய பழைய குழாயில் எங்கோ காற்று கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவழியாகப் போனால் 'ஃபீய்' என்று ஒரு சீட்டி கேட்கும். சாயோகோ பள்ளிக்கூடப் பிள்ளை முகத்தோடு ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

"குழாய் எங்கேங்க?" என்பார் உள்ளேயிருந்து.

"சொல்லியிருக்கேன், வந்துடும்" என்பார் கடையிலிருந்து கோசாகு, தலையைத் தூக்காமல் கரை தைத்துக்கொண்டு. நான் செகியிலிருக்கும் மின்சாமான் கடையில் விசாரித்துவிட்டேன். அங்கே இன்னும் யாரும் குழாய்க்குச் சொல்லிவைக்கவில்லை.